மனித ஃபெரோமோன் உண்டா, இல்லையா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒருவர் உடலிலிருந்து கிளம்பும் ஏதோ ஒரு பொருள், நமக்கே தெரியாமல் நம் மூக்கு வழியாகப் புகுந்து மனதை மாற்றிவிடும் என்ற பேச்சு பல பத்தாண்டுகளாக ஓடிக்கொண்டிருக்கிறது. அதைச் சுற்றி வரும் கேள்விகளை இங்கே எடுத்துக்கொள்கிறேன். சிலவற்றுக்கு ஒரு வரி போதும். சிலவற்றைக் கொஞ்சம் பொறுமையாகப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

ஃபெரோமோன் என்றால் சரியாக என்ன?

1959-இல் பீட்டர் கார்ல்சன், மார்ட்டின் லூஷர் என்ற இரு ஆய்வாளர்கள் உருவாக்கிய சொல் இது. ஓர் உயிர் தன் உடலுக்கு வெளியே விடும் பொருள், அதே இனத்தைச் சேர்ந்த இன்னோர் உயிரிடம் ஒரு குறிப்பிட்ட விளைவை உண்டாக்க வேண்டும். அந்த விளைவு ஒரு நடத்தையாக இருக்கலாம், உடல் வளர்ச்சியில் ஏற்படும் மாற்றமாகவும் இருக்கலாம்.

இதில் ‘அதே இனம்’, ‘குறிப்பிட்ட விளைவு’ என்ற இரண்டையும் மறந்துவிடக் கூடாது. ஒரு வாசனை பிடித்திருக்கிறது, பழைய ஞாபகத்தைக் கிளறுகிறது என்பதால் மட்டும் அது ஃபெரோமோன் ஆகிவிடாது. ஃபெரோமோனை யாரும் கற்றுக்கொள்ள வேண்டியதில்லை. அந்த இனத்தின் எந்த உறுப்பினரிடமிருந்து வந்தாலும் அது வேலை செய்யும்.

முதல் ஃபெரோமோனை எப்படிக் கண்டுபிடித்தார்கள்?

இந்தக் கதையைத் தெரிந்துகொண்டால், மனிதர் விஷயத்தில் எங்கே தவறு நடந்தது என்பது தானாகப் புரியும்.

பெண் பட்டு அந்துப்பூச்சியைக் கூண்டில் வைத்தால் ஆண் பூச்சிகள் தேடி வரும். அழைப்பது வாசனைதான் என்று பலர் ஊகித்திருந்தார்கள். ஆனால் எந்த மூலக்கூறு? ஜெர்மானிய வேதியியலாளர் அடால்ஃப் புட்டெனாண்ட் அதைப் பிடிக்க ஏறத்தாழ 20 ஆண்டுகள் உழைத்தார். 1939-இலேயே நோபல் பரிசுக்குத் தேர்வானவர் அவர். சுமார் 5 லட்சம் பெண் பூச்சிகளின் சுரப்பிகளை எடுத்து, சாறு பிழிந்து, அதைப் பகுதி பகுதியாகப் பிரித்தார். ஒவ்வொரு பகுதியையும் ஆண் பூச்சியின் முன் நீட்டிப் பார்த்தார்கள். பூச்சி சிறகடித்துத் துடித்தால் தேடும் பொருள் அந்தப் பகுதியில் இருக்கிறது. அசையாமல் இருந்தால் அதை ஒதுக்கிவிடலாம். இப்படிச் சலித்துச் சலித்துக் கடைசியில் மிஞ்சியதுதான் பாம்பிகால். அதைச் செயற்கையாகத் தயாரித்துக் காட்டியபோதும் ஆண் பூச்சி அதேபோலத் துடித்தது. 1959-இல் முடிவு வெளியானது.

வரிசையைக் கவனியுங்கள். முதலில் கண்ணால் பார்க்கக்கூடிய ஒரு நடத்தை. அந்த நடத்தையையே அளவுகோலாக வைத்துச் சாற்றைப் பிரிப்பது. பிறகு மூலக்கூறை அடையாளம் காண்பது, தயாரிப்பது, இயற்கையில் இருக்கும் அளவிலேயே கொடுத்து மறுபடி சோதிப்பது. இன்றுவரை ஃபெரோமோனுக்கு ஒப்புக்கொள்ளப்பட்ட சான்று இதுதான்.

பூச்சிக்குச் சரி, பாலூட்டிகளுக்கு உண்டா?

தாராளமாக உண்டு. ஆண் பன்றியின் எச்சிலில் ஆண்ட்ரோஸ்டினோன் என்ற பொருள் இருக்கிறது. சினைப்பருவத்தில் இருக்கும் பெண் பன்றி அதை மோந்ததும் இணைசேர அசையாமல் நின்றுவிடும். செயற்கை முறையில் கருவூட்டும் பண்ணைகளில் இதைத் தெளிப்பானாகவே பயன்படுத்துகிறார்கள்.

ஆசியப் பெண் யானை கருமுட்டை வெளிவரும் முன் தன் சிறுநீரில் விடும் மூலக்கூறை 1996-இல் கண்டுபிடித்தார்கள். அதே மூலக்கூறை நூற்றுக்கும் மேற்பட்ட அந்துப்பூச்சி இனங்களும் தங்கள் வாசனைக் கலவையில் பயன்படுத்துகின்றன. யானையும் அந்துப்பூச்சியும் ஒரே எழுத்தை வைத்து வேறு வேறு சொல் எழுதுகின்றன.

எனக்கு மிகவும் பிடித்தது முயலின் கதை. தாய் முயல் நாளுக்கு ஒருமுறை, சில நிமிடங்கள் மட்டுமே குட்டிகளுக்குப் பால் கொடுக்கும். கண் திறக்காத குட்டி அதற்குள் காம்பைக் கண்டுபிடித்துக் குடித்தாக வேண்டும், தவறினால் மறுநாள்தான். பிரான்சில் பெனுவா ஷால் குழுவினர் முயல்பாலின் வாசனையைக் கூறு கூறாகப் பிரித்துக் குட்டிகளிடம் காட்டினார்கள். ஒரே ஒரு கூறுக்குக் குட்டிகள் தலையை ஆட்டித் தேடின, கண்ணாடிக் குச்சியைக் காம்பு என்று எண்ணிக் கவ்வின. அதன் பெயர் 2-மெதில்பியூட்-2-ஈனால். இது 2003-இல் வெளிவந்தது. புட்டெனாண்ட் போன அதே பாதை.

மனிதரில் இதுவரை எத்தனை கண்டுபிடித்திருக்கிறார்கள்?

ஒன்றுகூட இல்லை. மேலே சொன்ன படிகளை எல்லாம் தாண்டி வந்த மனித ஃபெரோமோன் எதுவும் கிடையாது.

இருக்கவே முடியாது என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. நாமும் பாலூட்டிகள்தான். பருவ வயதில் நம் உடல் வாசனையும் மாறுகிறது. அதனால் இருப்பதற்கு வாய்ப்பு உண்டு. ‘இருக்கலாம்’ என்பதற்கும் ‘கண்டுபிடித்துவிட்டார்கள்’ என்பதற்கும் நடுவே கிடக்கும் தூரத்தைத்தான் விளம்பரங்கள் மறைத்துவிடுகின்றன.

ஆண்ட்ரோஸ்டாடையினோன், எஸ்ட்ராடெட்ராயினால் என்று இரண்டு பெயர்கள் எல்லா இடத்திலும் வருகின்றனவே?

வருகின்றன. முதலாவது ஆண்களின் ஃபெரோமோன், இரண்டாவது பெண்களின் ஃபெரோமோன் என்று எழுதுகிறார்கள். இவை எங்கிருந்து வந்தன என்று பின்னோக்கிப் போனால் 1991-இல் பாரிஸில் நடந்த ஒரு மாநாட்டில் போய் நிற்கும். மனித ஃபெரோமோன்களை வணிகமாக்க விரும்பிய ஒரு நிறுவனத்தின் ஆதரவில் நடந்த மாநாடு அது. அங்கே படிக்கப்பட்ட ஓர் ஆய்வுரையில், நிறுவனம் கொடுத்த சில பொருள்களை ‘ஃபெரோமோனாக இருக்கக்கூடியவை’ என்று குறிப்பிட்டு, அவை மனித மூக்கின் ஒரு பகுதியில் மின்னதிர்வை உண்டாக்கியதாகச் சொன்னார்கள். ஆயிரக்கணக்கான பொருள்களில் இவற்றை ஏன் தேர்ந்தெடுத்தார்கள், எந்த நடத்தையை வைத்துப் பிரித்தார்கள் என்ற விவரம் அதில் இல்லை.

பிள்ளை பிறக்கும் முன்னே பெயர் வைத்த கதைதான். 2000-இல் மார்த்தா மெக்ளின்டாக் போன்ற பெயர்பெற்ற ஆய்வாளர் இந்த இரு மூலக்கூறுகளையும் எடுத்து ஆராய்ந்த பிறகு, மற்றவர்களும் வரிசையாக அவற்றையே எடுத்துக்கொண்டார்கள். ஒவ்வொரு கட்டுரையும் முந்தைய கட்டுரையை மேற்கோள் காட்டியது. ‘இருக்கக்கூடும்’ என்ற சொல் மெல்லத் தேய்ந்து மறைந்துபோனது. ஆக்ஸ்ஃபோர்டைச் சேர்ந்த டிரிஸ்ட்ரம் வயட் 2015-இல் இந்த வரலாற்றை நூல் பிடித்தாற்போல் பின்தொடர்ந்து எழுதினார். இழந்துபோன பத்தாண்டுகள் என்றே இந்தக் காலத்தைக் குறிப்பிட்டார். அவர் எழுதியதைப் படித்தபோது எனக்கு வருத்தம்தான் வந்தது. எத்தனை பேருடைய உழைப்பு, எத்தனை தன்னார்வலர்களின் நேரம், அடித்தளமே போடாத இடத்தில் கட்டடம் எழுப்பப் போய்விட்டது!

ஆனால் விளைவு இருந்தது என்று பல ஆய்வுகள் சொல்கின்றனவே?

சொல்கின்றன. எப்படிச் செய்தார்கள் என்று பார்க்க வேண்டும். பெரும்பாலானவற்றில் கலந்துகொண்டவர்கள் சில பத்துப் பேர்தான். கொடுத்த அளவோ அக்குளில் இயல்பாக இருப்பதைவிட மிக அதிகம். மனநிலை, முகக் கவர்ச்சி, மூளைப் படம், நாடித் துடிப்பு என்று பலவற்றை ஒரே நேரத்தில் அளந்தால் ஏதாவது ஒன்று தற்செயலாகவே மாறித்தான் இருக்கும். மாற்றம் தெரிந்த ஆய்வு இதழில் அச்சாகும். ஒன்றும் தெரியாத ஆய்வு மேசை இழுப்பறையிலேயே கிடக்கும். இது இந்தத் துறைக்கு மட்டும் உரிய நோய் அல்ல, ஆனால் இங்கே ரொம்பவே முற்றியிருந்தது.

2017-இல் ஆஸ்திரேலியாவில் ஒரு நல்ல சோதனை நடந்தது. கலந்துகொண்டவர்களுக்கும் ஆய்வாளருக்கும் எந்த வாசனை எது என்று தெரியாதபடி ஏற்பாடு செய்தார்கள். இந்த இரண்டு மூலக்கூறுகளில் ஒன்றையோ ஒப்பிட்டுப் பார்ப்பதற்கான வெறும் கட்டுப்பாட்டு வாசனையையோ முகர வைத்து, ஆணா பெண்ணா என்று எளிதில் சொல்ல முடியாத முகங்களைக் காட்டி, எந்தப் பாலினம் என்று கேட்டார்கள். எதிர்ப்பாலினரின் முகங்களுக்கும் கவர்ச்சி மதிப்பெண் போடச் சொன்னார்கள். எந்த வேறுபாடும் தெரியவில்லை.

ஃபெரோமோன் கலந்த சென்ட் வாங்கலாமா?

அதன் வாசனை பிடித்திருந்தால் சென்ட் என்று நினைத்து வாங்குங்கள். ஃபெரோமோனுக்காக வாங்க வேண்டாம். அடையாளம் காணப்படாத ஒரு பொருளைக் குப்பியில் அடைக்க யாராலும் முடியாது.

சில குப்பிகளில் பன்றியின் ஆண்ட்ரோஸ்டினோன் இருக்கும். அதை நாம் எப்படி உணர்கிறோம் என்பது ஆளுக்கு ஆள் மாறும். மூக்கில் வாசனையைப் பிடிக்கும் OR7D4 என்ற ஏற்பியின் மரபணு வேறுபாடு இதில் பெரும் பங்கு வகிக்கிறது என்று 2007-இல் காட்டினார்கள். ஒருவருக்கு அது சிறுநீர் நாற்றம், இன்னொருவருக்கு இனிய மணம், வேறொருவருக்கு ஒன்றுமே தெரியாது.

ஒரே விடுதியில் தங்கும் பெண்களுக்கு மாதவிடாய் ஒரே சமயத்தில் வருவது ஃபெரோமோனால்தானே?

அதிகம் பேர் நம்பும் விஷயம் இது. தங்கள் சொந்த அனுபவம் என்றே பலரும் சொல்வார்கள். அந்த அனுபவம் பொய்யல்ல, அதற்குச் சொல்லும் காரணம்தான் நிற்கவில்லை.

1971-இல் மார்த்தா மெக்ளின்டாக், ஓர் அமெரிக்கப் பெண்கள் கல்லூரி விடுதியில் 135 பேரை ஆராய்ந்து, நெருங்கிய தோழிகளின் மாதவிடாய்த் தேதிகள் நெருங்கி வருவதாக நேச்சர் இதழில் எழுதினார். 1998-இல் அக்குள் வியர்வையை மற்றப் பெண்களின் மேலுதட்டில் தடவி, சுழற்சியின் நீளம் மாறுவதாக இன்னொரு கட்டுரை வந்தது. இரண்டின் கணக்கு முறையையும் பிற ஆய்வாளர்கள் கேள்விக்கு உள்ளாக்கினார்கள். சீனாவில் விடுதி அறைகளில் சேர்ந்து வாழ்ந்த 186 பெண்களை ஓராண்டுக்கும் மேலாகப் பின்தொடர்ந்து 2006-இல் வெளிவந்த ஆய்வில் ஒத்திசைவு இல்லை. மாலி நாட்டில் டோகான் இனப் பெண்கள் மாதவிடாய் நாட்களில் தனிக் குடிலில் தங்குவார்கள். பெவர்லி ஸ்ட்ராஸ்மன் அந்தக் குடில்களுக்கு யார் எப்போது வந்தார்கள் என்று ஈராண்டு பதிவு செய்தார். அங்கும் இல்லை.

அப்புறம் ஏன் ஒன்றாக வருவதுபோல் தோன்றுகிறது? ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். இரண்டு பேருக்கும் 28 நாள் சுழற்சி. இருவரின் தொடக்க நாட்களுக்கு நடுவே இருக்கக்கூடிய அதிகபட்ச இடைவெளி 14 நாள்தான், அதைத் தாண்டினால் அடுத்த சுழற்சியை நெருங்கிவிடும். ஒருவருக்கொருவர் முகமே தெரியாதவர்களாக இருந்தாலும் சராசரி இடைவெளி 7 நாள். உதிரப்போக்கு 5 நாள் என்றால், ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு வாய்ப்பில் இருவரின் நாட்களும் ஒன்றோடொன்று மேற்படியும். ஒருவருக்கு 28, மற்றவருக்கு 30 நாள் என்றால் மாதம் இரண்டு நாளாகத் தேதிகள் நெருங்கி, ஒன்றாகி, பிறகு விலகிப் போகும். நெருங்கும் மாதங்கள் நினைவில் தங்கும், விலகும் மாதங்களை யாரும் கணக்கு வைப்பதில்லை. காக்கை உட்காரப் பனம்பழம் விழுகிறது.

ஃபெரோமோனை உணர நமக்குத் தனி உறுப்பு இருக்கிறதாமே?

வோமரோநேசல் உறுப்பைச் சொல்கிறீர்கள். ஜேக்கப்சன் உறுப்பு என்றும் பெயர். பாம்பு நாக்கை நீட்டி இழுப்பதும், குதிரை மேலுதட்டைச் சுருட்டிக்கொண்டு நிற்பதும் வாசனைப் பொருள்களை அங்கே கொண்டுசேர்க்கத்தான். மனிதக் கருவில் இந்த உறுப்பு உருவாகிறது, பிறகு தேய்ந்துவிடுகிறது. பெரியவர்கள் பலருக்கு மூக்கின் நடுச்சுவரில் சிறு குழி மட்டும் மிஞ்சியிருக்கும். அங்கிருந்து மூளைக்குச் செய்தி கொண்டுபோகும் நரம்பு இல்லை. அந்த உறுப்பு வேலை செய்யத் தேவையான TRPC2 என்ற மரபணுவும் நம்மிடம் உடைந்து கிடக்கிறது.

சரி, அதோடு கதை முடிந்ததா என்றால் இல்லை. முயல்குட்டியும் பெண் பன்றியும் தங்கள் ஃபெரோமோனைச் சாதாரண மூக்கு வழியாகத்தான் உணர்கின்றன. ஆகவே அந்த உறுப்பு இல்லாததால் ஃபெரோமோன் இல்லை என்ற வாதமும் செல்லாது.

வியர்த்த டி-ஷர்ட்டை முகர்ந்து துணையைத் தேர்ந்தெடுக்கிறோம் என்ற சோதனை?

1995-இல் சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் கிளவுஸ் வெடெகிண்ட் செய்தது. 44 ஆண்கள் இரண்டு இரவு ஒரே டி-ஷர்ட்டை அணிந்து தூங்கினார்கள். 49 பெண்கள் அவற்றை முகர்ந்து மதிப்பெண் போட்டார்கள். நோய் எதிர்ப்புக்குரிய MHC மரபணுக்கள் தங்களிடமிருந்து வேறுபட்டிருந்த ஆண்களின் வாசனை பெண்களுக்கு அதிகம் பிடித்திருந்தது. கருத்தடை மாத்திரை சாப்பிட்டவர்களிடம் இது தலைகீழாக இருந்தது. பின்னர் வந்த ஆய்வுகளின் முடிவுகள் கலவையானவை.

உண்மையாகவே இருந்தாலும் இது ஃபெரோமோன் ஆகாது. ஃபெரோமோன் ஓர் இனம் முழுக்க ஒன்றாக இருப்பது. இங்கே பேசப்படுவது ஆளுக்கு ஆள் மாறும் வாசனைக் கையெழுத்து. பிறந்து சிறிது நேரமே ஆன தன் குழந்தையைத் தாய் வாசனையாலேயே அடையாளம் காண்பதும் இந்த வகைதான். அதற்குக் கற்றுக்கொள்ள வேண்டும், கற்றுக்கொள்வது சட்டென்று நடந்துவிடுகிறது.

கண்ணீர், குழந்தையின் உச்சந்தலை வாசனை என்றெல்லாம் செய்தி வருகிறதே?

இவை இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனத்தில் நோம் சோபெல் குழுவின் வேலைகள். பெண்களின் கண்ணீரை முகர்ந்த ஆண்களின் டெஸ்டோஸ்டிரோன் என்ற ஹார்மோன் அளவும் பாலுணர்வும் குறைந்ததாக 2011-இல் எழுதினார்கள். வேறொரு குழு 2017-இல் பாலுணர்வு பற்றிய அந்த முடிவைத் திரும்பக் கொண்டுவர முயன்று தோற்றது. 2023-இல் அதே சோபெல் குழு, பணத்தை வைத்து ஆடும் ஒரு விளையாட்டில் கண்ணீரை முகர்ந்த ஆண்களின் ஆக்ரோஷம் 43.7 சதவீதம் குறைந்ததாக அறிவித்தது. குழந்தைகளின் தலையிலிருந்து வரும் ஹெக்ஸாடெகனால் என்ற பொருள் ஆண்களின் ஆக்ரோஷத்தைக் குறைத்து, பெண்களிடம் கூட்டுவதாக 2021-இல் சொன்னார்கள்.

கேட்க நன்றாக இருக்கிறது. வெவ்வேறு ஆய்வகங்கள் இவற்றைத் திரும்பச் செய்து காட்டும் வரை நான் காத்திருப்பேன்.

அக்குளையே ஏன் இவ்வளவு ஆராய்கிறார்கள்?

அங்கே அபோக்ரைன் என்ற சுரப்பிகள் நிறைய உண்டு. அவை பருவ வயதில்தான் விழிக்கின்றன. அவை விடும் திரவத்துக்குக் கிட்டத்தட்ட வாசனையே கிடையாது. தோலில் வாழும் பாக்டீரியாக்கள் அதை உடைக்கும்போதுதான் நாற்றம் பிறக்கிறது. பருவத்தோடு சேர்ந்து வருவதால் பாலுறவுச் செய்தியாக இருக்கும் என்ற ஊகம் நியாயமானதே.

ஆனால் கிழக்காசியர்களில் பெரும்பாலோருக்கு ABCC11 மரபணுவின் ஒரு வடிவம் காரணமாக அக்குள் நாற்றம் மிகக் குறைவு, காதுக் குறும்பியும் உலர்ந்திருக்கும். அங்கே காதலுக்கும் குடும்பத்துக்கும் ஒரு குறையும் வந்துவிடவில்லை. மனித இனம் முழுவதற்கும் பொதுவான ஒரு செய்தி அக்குளில் மட்டும் இருக்கிறது என்று நம்ப எனக்கு இதனால் தயக்கம். தோல், தலை, வாய் என்று வேறு இடங்களும் இருக்கின்றன.

அப்படியானால் நம்பிக்கை தரும் இடம் எது?

தாயின் மார்பு. இந்தத் தேடலின் சரியான தொடக்கம் இங்கேதான் என்பது என் உறுதியான எண்ணம்.

பிறந்த குழந்தையைத் துடைத்துத் தாயின் வயிற்றில் குப்புறப் போட்டால், அது கொஞ்ச நேரம் சும்மா கிடக்கும். பிறகு வாயைச் சப்பும், கையை நக்கும், காலால் உந்தி மெல்ல மேலே நகரும், முகத்தை இப்படியும் அப்படியும் திருப்பித் தேடும். கடைசியில் காம்பைப் பிடித்துவிடும். 1994-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், பிரசவம் ஆன உடனேயே தாயின் ஒரு பக்க மார்பை மட்டும் கழுவிவிட்டு, குழந்தையை இரண்டுக்கும் நடுவே கிடத்தினார்கள். 30 குழந்தைகளில் 22 குழந்தைகள் கழுவாத பக்கத்துக்குப் போயின.

முலைக்காம்பைச் சுற்றியுள்ள கருவட்டத்தில் சின்னச் சின்ன மேடுகள் இருக்கும். அவை மோண்ட்கோமரி சுரப்பிகள், பால் கொடுக்கும் காலத்தில் பருத்துத் துளித் துளியாகக் கசியும். முயலை ஆராய்ந்த அதே ஷால் குழு, 2009-இல் அந்தத் துளியைக் கண்ணாடிக் குச்சியில் தொட்டு மூன்று நாள் குழந்தைகளின் மூக்கருகே காட்டியது. குழந்தைகள் தலையைத் திருப்பின, உதட்டைக் குவித்தன, நாக்கை நீட்டின, மூச்சின் தாளமும் மாறியது. தாய்ப்பால், பசும்பால், புட்டிப்பால், வனிலா எதற்கும் இந்த அளவு பதில் இல்லை. துளி கொடுத்தவர் அந்தக் குழந்தையின் தாய் அல்ல, முன்பின் தெரியாத வேறொரு தாய். கற்றுக்கொண்ட வாசனையாக இது இருக்க வழியில்லை என்பதற்கு இது வலுவான அறிகுறி.

பெரியவர்களை வைத்துச் சோதித்தால் அவர்களின் பழக்கம், நினைவு, சென்ட், வெட்கம், எதிர்பார்ப்பு எல்லாம் குறுக்கே வந்து நிற்கும். மூன்று நாள் குழந்தையிடம் அவற்றில் எதுவும் இல்லை. பட்டு அந்துப்பூச்சியின் சிறகடிப்புக்கு நிகரான ஒன்று, கண்ணால் பார்த்து எண்ணக்கூடிய உதட்டசைவு, இங்கே கிடைத்திருக்கிறது. பாலுணர்வையே துரத்திக்கொண்டு போனதில் இதை இத்தனை காலம் தவறவிட்டோம்.

அடுத்து செய்ய வேண்டியது என்ன?

அந்தத் துளிக்குள் இருக்கும் மூலக்கூறைப் பிரித்தெடுக்க வேண்டும். இன்னும் யாரும் அதைச் செய்து முடிக்கவில்லை. கிடைப்பது மிகச் சிறிய துளி, அதில் கலந்திருப்பதோ பல பொருள்கள். பகுதி பகுதியாகப் பிரித்து ஒவ்வொன்றையும் குழந்தைகளிடம் காட்ட வேண்டும், அதுவும் தாய்மாரின் முழுச் சம்மதத்தோடு, குழந்தையை வருத்தாமல். பிறகு அதைத் தயாரித்து, இயற்கை அளவில் கொடுத்து, வேறு நாடுகளின் ஆய்வகங்களிலும் அதே உதட்டசைவு வருகிறதா என்று பார்க்க வேண்டும்.

வந்துவிட்டால் அதன் பயன் வாசனைக் குப்பிக்குள் இருக்காது. குறைமாதத்தில் பிறந்து, குழாய் வழியாகப் பால் ஏற்றிக்கொண்டு, சப்பத் தெரியாமல் படுத்திருக்கும் குழந்தையின் மூக்கருகே ஒரு சொட்டு வைத்தால் அது உதட்டைக் குவிக்குமா என்று சோதித்துப் பார்க்கலாம்.